ஆன்மா தொலைந்துபோனதா, சார்ந்ததன் வண்ணம் ஆகிவிட்டதா?

பொருநைக்கரை

"இந்தக் காலத்து மனுசன் ஆன்மாவைத் தொலைத்துவிட்டான்" என்று பட்டிமன்றத்தில் பேசுகிறார்கள், கோயில் சொற்பொழிவில் பேசுகிறார்கள், காலையில் எழுந்தால் வாட்ஸ்அப்பிலும் அதுதான் வருகிறது. கேட்கிற நாமும் தலையாட்டுகிறோம். எனக்கு இந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள்.

சைவ சித்தாந்தக் கணக்கில் ஆன்மாவைத் தொலைக்கவே முடியாது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டியிருக்கும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. உயிரை இறைவன்கூடப் படைக்கவில்லை என்று துணிந்து சொன்ன தத்துவம் இது, படைக்கப்படாதது அழியவும் அழியாது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டே சூத்திரங்களில் முடித்தார். அதில் 3ஆம் சூத்திரம் முழுக்க உயிர் உண்டு என்பதற்கான வாதம்தான். இல்லை என்கிறாயே, இல்லை என்று சொல்கிற அந்த அறிவு எது என்று தொடங்குகிறார். என் கை, என் உடம்பு என்கிறாய், அப்படியானால் உடம்பை உடைமையாகச் சொல்கிற நீ வேறு. தூக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் உண்பதும் இல்லை, ஒரு வினை செய்வதும் இல்லை, ஆகவே மூச்சும் நீ இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, இந்த உடம்பு என்கிற இயந்திரத்துக்குள் ஓர் ஆன்மா இருக்கிறது என்று முடிக்கிறார்.

இதோடு நின்றால் பழைய தர்க்கம் என்று விட்டுவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அப்புறம் வருவது. இந்த உயிருக்குத் தனித்து நிற்கத் தெரியாது. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். பளிங்கை நீலத்தின் மேல் வைத்தால் நீலம், சிவப்பின் மேல் வைத்தால் சிவப்பு. ஆணவத்தோடு, அதாவது உயிரின் அறிவை மறைக்கிற பாசத்தோடு, கிடக்கும்போது இருளாகவே கிடக்கும், இருளில் கிடக்கிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாது. அருளைச் சார்ந்தால் அருளாகும். கெட்டுப்போகக்கூடிய பொருள் என்று சித்தாந்தம் உயிரைச் சொல்லவே இல்லை, சாயம் ஏறக்கூடிய பொருள் என்றுதான் சொல்கிறது.

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். ராத்திரி படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்தேன். நெட் நின்று திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோதும் அவன் கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியாக என்னடா பார்த்தே என்றால் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்று உயிருக்கு ஐந்து அவத்தைகள், அதாவது நிலைகள், உண்டு, அந்த ஐந்தும் நனவுக்குள்ளேயே வந்துபோகும் என்று உரைகளில் சொல்வார்கள். கண் திறந்திருக்கிறது, விரல் நகர்கிறது, அறிவு இல்லை. அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

ஆக நான் சொல்ல வருவது இதுதான். அவனுடைய ஆன்மா எங்கேயும் போகவில்லை. எதைச் சார்வது என்று ஒரு கணம் நின்று பார்க்கிற இடைவெளி இருக்கிறதே, அதை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நம் காலத்தின் இழப்பு அந்த இடைவெளிதான்.

பூதவாதி

ஐயா, என் பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரிந்துவிடும். காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயக் கணக்கர்களை, அதாவது ஒவ்வொரு சமயத்துக்கும் வாதாடுகிறவர்களை, ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருகிறாளே, அதில் பூதவாதியும் ஒருவன். ஆத்திப்பூவையும் கரும்புக்கட்டியையும் வேறு சிலவற்றையும் சேர்த்தால் எப்படி மது மயக்கம் பிறக்கிறதோ, அப்படித்தான் நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்று அவன் சொல்கிறான். காட்சி ஒன்றுதான் பிரமாணம், நேரில் காண்பதைத் தவிர அறிய வேறு வழி இல்லை என்று அவன் அடுத்துச் சொன்னதும், உன் தாய் தந்தையை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்கிவிட்டு அவள் போய்விடுகிறாள். அந்த மடக்கு நியாயம்தான், ஆனால் உணர்வு எப்படிப் பிறக்கிறது என்று அவன் சொன்னதற்கு அது பதில் ஆகாது.

உங்கள் 3ஆம் சூத்திரத்துக்கு வருகிறேன். என் உடம்பு என்பதால் உடம்பு நான் இல்லை என்கிறீர்கள். நாம் என் உயிர் என்றும் சொல்கிறோம், என் ஆன்மா என்றும் சொல்கிறோம். அப்போது ஆன்மாவை உடைமையாகச் சொல்கிற இன்னொருவன் யார்? அவனுக்குப் பின்னால் இன்னொருவனா? இதற்கு முடிவே இருக்காது.

ஆனால் உங்கள் அக்கா மகனின் கட்டைவிரல் என்னையும் படுத்துகிறது. அதற்கு வருத்தப்பட அழியாத ஆன்மா தேவையில்லை. சொல்லப்போனால் எனக்குத்தான் வருத்தம் கூடுதல். உங்களுக்கு உயிர் அழியாது, இந்தப் பிறவியில் விட்டதை அடுத்ததில் பிடிக்கலாம். எனக்கு இருப்பது இந்த ஒரு வாழ்க்கை. ஆத்திப்பூவும் கட்டியும் ஒருதரம் கூடி ஒருதரம் பிரிந்துவிட்டால் முடிந்தது. அந்தப் பையனின் ராத்திரி ஒன்று போனால் போனதுதான், எங்கேயும் வரவு வைக்கப்படாது.

வடகரை மாணவி

நான் தத்துவம் முதுகலை படிக்கிறேன். பௌத்தம் பக்கமிருந்து ஒரு கேள்வி. பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரை வைத்துக் கேட்பாரே, சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று, அப்படிப் பிரித்துக்கொண்டே போனால் தேர் என்று தனியாக ஒன்று மிஞ்சாது. 1739இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமும் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். எனக்குள் பார்க்கும்போதெல்லாம் ஒரு சூடு, ஒரு குளிர், ஒரு விருப்பு, ஒரு வெறுப்பு, இப்படி ஏதாவது ஒன்றில்தான் முட்டிக்கொள்கிறேன், 'நான்' என்று ஒன்று தனியாகச் சிக்கவே இல்லை என்றார்.

சார்ந்ததன் வண்ணமாகும் என்கிறீர்கள். சாயத்தை எல்லாம் எடுத்துவிட்டால் அதற்கென்று சொந்தமாக என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றால் நாகசேனர் சொன்னதற்கும் நீங்கள் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் ஐயா?

பொருநைக்கரை

பூதவாதிக்கு முதலில். என் உடம்பு என்பது பிறிதின்கிழமை, தன்னிலும் வேறானதை உடைமையாகச் சொல்வது. என் உயிர் என்பது தற்கிழமை, தன்னையே அப்படிச் சொல்வது. இராகுவின் தலை என்கிறோம், இராகு வேறு தலை வேறு இல்லை. உங்கள் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது.

மாணவிக்கு: சாயம் போனால் மிஞ்சுவது அறியும் தகுதி. தானாக அறியாது, அறிவித்தால் அறியும். உணர்த்த உணர்தல் என்று அதே 3ஆம் சூத்திரத்தில் இருக்கிறது. கண் இருட்டில் எதையும் காணாது, அதற்காகக் கண் இல்லை என்று சொல்லமாட்டோம், விளக்கு வந்தால் காணும். ஹியூம் 'நான்' சிக்கவில்லை என்று தேடித் தேடிக் களைத்தாரே, தேடுகிற அந்த வேலையைச் செய்தது எது என்றுதான் மெய்கண்டார் கேட்பார். நாகசேனர் இதற்கு வேறு பதில் சொல்வார் என்று தெரியும். அந்தச் சண்டையைத் தனியாகப் போடலாம். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில், உலகாயதர், பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவரையும் எடுத்துப் பெரிதாகவே போட்டிருக்கிறார்.

இரவுப்பணி

அண்ணன்மாருக்கும் தங்கைக்கும் வணக்கம். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். சூத்திரம் எல்லாம் படித்ததில்லை. ஆனால் உயிர் எங்கே இருக்கிறது, போய்விட்டதா இல்லையா என்ற கேள்வியை என்னிடம் ஆட்கள் நேராகவே கேட்பார்கள், அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

மூளைச்சாவு என்று சந்தேகம் வந்தால் சும்மா ஒரு டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லிவிட முடியாது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதி செய்ய வேண்டும். சோதனையை இரண்டு தரம் செய்ய வேண்டும், நடுவில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி வேண்டும். அதில் ஒன்று வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு மூச்சு தானாக வருகிறதா என்று பார்ப்பது. ஆக்சிஜனைக் குழாய் வழியாகக் கொடுத்துக்கொண்டே இருப்போம், ஆனால் இயந்திரம் தள்ளாது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் நெஞ்சு ஒரு இழுப்பாவது இழுக்கும். போர்வையை இடுப்பு வரை விலக்கிவிட்டு எல்லாரும் நெஞ்சையும் வயிற்றையுமே பார்த்துக்கொண்டு நிற்போம். எட்டுப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரம் யாரும் பேச மாட்டார்கள். எத்தனை தரம் நின்றிருந்தாலும் ஒரு இழுப்பு வந்துவிடாதா என்றுதான் மனசு கேட்கும்.

அப்புறம் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குதே சிஸ்டர், கால் சூடா இருக்கே, உயிர் போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க என்று கேட்பார்கள். பொருநைக்கரை அண்ணன் எழுதியிருக்கிறாரே, மூச்சு இருப்பதாலேயே உயிர் இருக்கிறது என்று ஆகாது என்று, அதைப் படித்ததும் எனக்கு அந்த முகங்கள்தான் வந்தன. எழுநூறு வருசத்துக்கு முன்னால் ஒருத்தர் தர்க்கத்துக்காகப் பிரித்து வைத்ததை இன்றைக்கு ஒரு அம்மா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு ஏற்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகும் சிலர் உறுப்பு தானத்துக்குச் சம்மதிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023லிருந்து அப்படிக் கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது இறந்தவர்களைப் பற்றி இல்லை. பார்வையாளர் நேரத்தில் உள்ளே வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, மானிட்டரைப் பார்க்கிறார்கள். நோயாளி கண் விழித்துத்தான் இருப்பார், மனைவி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எண் இரண்டு குறைந்தால் முகம் மாறுகிறது, எண் ஏறினால் மூச்சு விடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, பயம். நான் அவர் கையைப் பிடித்து நோயாளியின் கைமேல் வைத்துவிடுவேன். அதற்கப்புறம்தான் கீழே குனிந்து பார்ப்பார். சில பேர் அப்போதுதான் அழவே தொடங்குவார்கள்.

நினைவில்லாமல் கிடப்பவரைப் புரட்டும்போதும், ஐயா இப்போ வலதுபக்கம் திருப்பறேன் என்று சொல்லித்தான் புரட்டுவேன். ஜூனியர் பிள்ளைகள் ஏன் அக்கா, அவருக்குத்தான் கேட்காதே என்பார்கள். சொல்லாமல் புரட்டிப் பழகிவிட்டால் கொஞ்ச நாளில் என் கைக்கு அது உடம்பு இல்லை, மூட்டை என்று ஆகிவிடும். அந்தச் சாயம் என் மேல் ஏறக்கூடாது என்றுதான் சொல்கிறேன். ஆள் குறைவாக இருக்கும் இரவுகளில் சொல்ல நேரம் இருக்காது, சொல்லாமலே புரட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். அந்த இரவுகள்தான் கஷ்டம்.

ஆலைச்சங்கு

இரவுப்பணி தோழருக்கு வணக்கம், கடைசி இரண்டு வரியில்தான் என் பேச்சு இருக்கிறது.

பொருநைக்கரை ஐயா, உங்கள் அக்கா மகனுக்குப் போனைக் கீழே வைக்க முடியும். மனம் வைத்தால் முடியும். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவன், இப்போது சங்க வேலை. தைக்கிற லைனில் ஒரு போர்டு இருக்கும், மணிக்கு மணி எத்தனை பீஸ் என்று எழுதுவார்கள். பக்கத்தில் டார்கெட். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் தோள்பட்டையை ஓட்டிக் கீழே போட்டதும் அடுத்த தோள்பட்டை தயாராக இருக்கும். காலையில் எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை. ஊசி விரலில் ஏறிவிட்டாலும் துணியில் ரத்தம் படக்கூடாது என்றுதான் முதலில் கையை இழுப்பார்கள், வலி அப்புறம்தான். எதைச் சார்வது என்று தேர்ந்துகொள்ளும் இடைவெளியைப் பற்றி அங்கே யாரிடம் போய்ப் பேசுவீர்கள்? அந்த இடைவெளியைத்தான் கூலி கொடுத்து வாங்கிவிட்டார்களே.

சிமோன் வெய்ல் என்று பிரான்சில் ஒரு பெண் இருந்தார், தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரில் விடுப்பு போட்டுவிட்டு பாரிஸில் தொழிற்சாலை வேலைக்குப் போனார், 1935 ஆகஸ்ட் வரை வெவ்வேறு ஆலைகளில் கூலியாக வேலை பார்த்தார். இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டுமானால் நாளுக்கு எட்டு மணி நேரம் ஆன்மாவைக் கொன்றுவைக்க வேண்டும் என்று தோழிக்கு எழுதினார். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது என்ன தெரியுமா, அடக்குமுறை தனக்குள் கலகத்தை உண்டாக்கும் என்று நினைத்துப் போனார், உண்டானது பணிவு. சிந்தித்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும், ஆகவே சிந்திக்காமல் இருப்பதே பிழைக்கும் வழி. நானும் அதே பணிவை எங்கள் லைனில் பார்த்திருக்கிறேன். வேலையில் இல்லாதபோதுதான் தொழிலாளி தன்னிடம் இருக்கிறான், வேலையில் தனக்கு வெளியே இருக்கிறான் என்று மார்க்ஸ் 1844 கையெழுத்துப் படிகளில் எழுதியதும் இதைத்தான்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். உங்கள் தத்துவத்தில் ஆணவம், மாயை மட்டும் இல்லை, கன்மமும் இருக்கிறது. அவள் அந்த மெஷினில் உட்கார்ந்திருப்பது அவள் வினை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஊரில் அப்படித்தான் சொன்னார்கள், என் பாட்டன் காலத்திலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தோம். சாதியைக் கேட்டால் வினை, பட்டினியைக் கேட்டால் வினை. இதற்குப் பதில் சொல்லாமல் ஆன்மாவைப் பற்றிப் பேசுவது எனக்கு ஏற்கவில்லை.

பூதவாதி

ஆலைச்சங்கு கேட்டது சரியான கேள்வி. நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வடகரை மாணவி

வெய்லைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அதே வெய்ல் பின்னால் சமஸ்கிருதம் கற்று கீதை படித்தார். கலப்பில்லாத முழுக் கவனமே பிரார்த்தனை என்று குறிப்பேட்டில் எழுதினார். ஆலையில் முதலில் பறிபோவது கவனம் என்று அனுபவித்தவர் அதையே ஆன்மாவின் உச்சமாக வைத்தார். பொருநைக்கரை ஐயா சொல்லும் சார்பும் அவர் சொல்லும் கவனமும் ரொம்ப தூரத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 34 வயதில் 1943இல் இங்கிலாந்தில் இறந்துவிட்டார்.

பொருநைக்கரை

ஆலைச்சங்கு தோழர், கசப்பாகக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

கன்மத்தைக் காட்டி அடுத்தவன் வாயை அடைப்பது நடந்தது, இன்றும் நடக்கிறது, மடங்களின் நிழலிலேயே நடந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் தத்துவம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். உயிர் ஆணவத்தில் தன்னையும் அறியாமல் கிடந்த நிலைதான் கேவலம். அதை எழுப்பத்தான் தனு, கரணம், புவனம், போகம் நான்கும் கொடுக்கப்பட்டன, அதாவது உடம்பு, மனம் முதலான கருவிகள், உலகம், நுகர்ச்சி. உலகம் இருப்பதற்கே இந்த மரபு சொல்கிற காரணம் உயிர் விழிக்க வேண்டும் என்பதுதான். அப்படியிருக்க, ஒரு லைன் மனிதனிடமிருந்து மனம், புத்தி, சித்தம் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டுக் கையை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்றால், அது எதற்காகக் கருவிகள் தரப்பட்டனவோ அதையே அழிக்கிறது. உடம்போடு இருக்கும்போதே உயிரைக் கேவலத்துக்குத் திருப்பி அனுப்புகிற வேலை. சித்தாந்தி அதைப் பார்த்துவிட்டு வினை என்று சும்மா இருந்தால் தன் நூலை அவன் படிக்கவில்லை என்று அர்த்தம். வினை என்பது என்னை நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு. இன்னொருத்தியின் பசிக்கு அதைப் பதிலாகச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

ஒரு செய்தியும் சொல்ல வேண்டும், நெசவுக்கு ரொம்பப் பக்கத்தில் உள்ளது. உமாபதி சிவம் தில்லை தீட்சிதர்களில் ஒருவர். கோயில் பூசை முடித்துச் சிவிகையில், பகலிலேயே தீவட்டி பிடிக்க, வாத்தியம் முழங்கப் போய்க்கொண்டிருந்தாராம். தெருவில் இருந்த மறைஞானசம்பந்தர் அதைப் பார்த்து, பட்ட கட்டையில் பகல் குருடு போகிறது என்றார். பட்ட கட்டை என்றால் செத்த மரம், அந்தப் பல்லக்கு. பகல் குருடு, பகலில் விளக்கு வேண்டியிருக்கிறவன். உமாபதி அந்த இடத்திலேயே இறங்கி அவர் பின்னால் போனார். மறைஞானசம்பந்தர் நெசவாளர் தெருவில் நூலுக்குப் போடக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைக் கையேந்தி வாங்கிக் குடித்தார், அவர் முழங்கையில் வழிந்ததை உமாபதி ஏந்திக் குடித்தார். அதற்காகத் தில்லையில் அவரை விலக்கி வைத்தார்கள், ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய் இருந்தார். மரபு வழியாகச் சொல்லப்படும் வரலாறுதான், ஆனால் சந்தான குரவர், அதாவது சித்தாந்த மரபின் ஆசிரியர்கள், நால்வரில் ஒருவரைப் பற்றி இந்த மரபே சொல்லிக்கொள்வது இது. பல்லக்கில் போனபோது அவருக்கு மரியாதை, அதிகாரம், வேதம், பூசை எல்லாம் இருந்தன. அப்போதுதான் அவரைக் குருடு என்றார் குரு. கண் திறந்தது நெசவாளர் கஞ்சியில்.

ஆகவே தோழர், உயிரைப் பற்றிய பேச்சு தறிக்காரர் வாசலுக்குப் போகாமல் முடியாது என்று நான் நினைக்கிறேன். நாங்கள் நடத்தும் ஞாயிறு சித்தாந்த வகுப்பில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒருவர்கூட இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

பூதவாதி

அழியாத உயிரை நான் இன்னும் ஏற்கவில்லை, தற்கிழமை பதிலுக்கும் எனக்கு மறுப்பு உண்டு, தனி இழையில் எழுதுகிறேன். கருவிகளைப் பறிப்பது பற்றி நீங்கள் சொன்னதை என் வழியிலேயே ஒப்புக்கொள்ள முடிகிறது. உணர்வு உடம்பில் பிறப்பது என்றால், உடம்பைப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே அசைவில் பூட்டிவைப்பது உணர்வையே பூட்டிவைப்பதுதான்.

ஆலைச்சங்கு

கஞ்சி வரலாறு எனக்குத் தெரியாது ஐயா. எங்கள் லைனில் சொல்வேன்.

ஆனால் வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், ஞாயிறுதான் அவர்களுக்குத் துணி துவைக்க, அரிசி மாவு ஆட்ட, பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைக்கக் கிடைக்கிற நாள். அதுவும் ஷிப்மென்ட் நெருக்கினால் கிடைக்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வைத்தது, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று வைத்தது. தாளில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள், எல்லாச் சங்கங்களும் எதிர்த்து நின்ற பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் நாங்கள் ஆன்மா என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, ஆனால் இப்போது யோசித்தால் அதற்காகத்தான் தெருவில் நின்றோம்.

ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்ல ஒருத்திக்கு உரிமை இருக்க வேண்டும், சொன்னதற்காக மறுநாள் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்று ஒரு மனு தயார் செய்கிறோம். தொழிலாளி கையெழுத்து மட்டும் இருந்தால் சங்கத்துக்காரன் கிளப்பிவிட்டது என்பார்கள். சித்தாந்த வகுப்புக்காரர்கள் போடுவீர்களா?

பொருநைக்கரை

போடுவோம். மனுவை இங்கேயே பதியுங்கள், கருவி கரணம் பற்றி மேலே எழுதியதை இரண்டு பத்தியாகச் சுருக்கி நான் சேர்த்துத் தருகிறேன், வேண்டாம் என்று பட்டால் எடுத்துவிடுங்கள். வகுப்பில் எல்லாரும் போடுவார்கள் என்று சொல்ல முடியாது, ஒன்றிரண்டு பேர் கோயில் விசயத்தோடு இதைக் கலக்காதே என்பார்கள். அவர்களிடம் கொற்றவன்குடியைப் பற்றிப் பேசுகிறேன்.

இரவுப்பணி

ஆலைச்சங்கு அண்ணா, ஆஸ்பத்திரி இரவு ஷிப்டையும் அதில் சேர்க்க முடியுமா? எத்தனை கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கோடு.